பரந்தாமன் மேல் பரந்தாமன் கொடுத்த மனு

பரந்தாமனுக்கு இங்கிலீஷில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரியாது. ஆனால் ஓர் ஏமாற்றுக்காரனை இங்கிலீஷில் பதினாறு விதமாகச் சொல்லத் தெரியும். நசரத்பேட்டை கிடங்குகளுக்குச் சரக்கு ஏற்றிவரும் வெளிமாநில லாரிக்காரர் யாராவது இங்கிலீஷில் வழி கேட்டால், சட்டென்று செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி நகர்ந்துவிடுவார். அதே மனுஷன் ஒரு போலிப் பத்திரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் போகஸ், ஃபோர்ஜரி, ஃபிராடு, ஃபேப்ரிகேட்டட் என்று கை நிற்காமல் ஓடும். ஒரு மொழியில் வசவை மட்டும் கற்றுக்கொண்டு காலம் தள்ள முடியுமா என்று கேட்டால், முடியும். அவர் பதினெட்டு வருஷமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

பூந்தமல்லியில் அரசு அலுவலகங்கள் வரிசையாக இருக்கிற தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடையின் தகரக் கூரைக்கு அடியில் அவருடைய மேஜை. முன்பு டைப்ரைட்டர் இருந்தது, இப்போது பழைய லேப்டாப்பும் அதைவிடப் பழைய பிரிண்டரும் இருக்கின்றன. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட். இது அவர் தேர்ந்தெடுத்த உடுப்பு இல்லை, விட்டுப்போகாத பழக்கம். இருபது வயதில் ராஜசேகரன் என்ற வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை. அந்த வக்கீல் இருந்தவரை இருபது வருஷம் அவருக்குப் பின்னால் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் இறந்த பிறகு பரந்தாமனுக்கு மிஞ்சியது ஒரு மேஜை, ஓர் இங்கிலீஷ் அகராதி, அந்த அகராதியில் சிவப்புப் பென்சிலால் கோடிழுக்கப்பட்ட வார்த்தைகள். ராஜசேகரன் மோசடி வழக்குகளாகவே நடத்தியவர். அதனால் கோடிழுத்ததெல்லாம் அந்த ஜாதி வார்த்தைகளாகவே இருந்தன.

முதலில் ஊர் அவரை "வக்கீல் குமாஸ்தா சார்" என்றுதான் கூப்பிட்டது. அவசரத்தில் இருக்கிறவனுக்கு அவ்வளவு நீளம் எதற்கு? நடுவில் இருந்த குமாஸ்தா உதிர்ந்து போனார். "வக்கீல் சார்" மட்டும் நின்றது. பரந்தாமன் ஒருநாளும் தன்னை வக்கீல் என்று சொல்லிக்கொண்டதில்லை. இதை அவர் தனக்குத்தானே அடிக்கடி சொல்லிக்கொள்வார். இல்லை என்று சொன்னதும் இல்லை. இதை அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை.

அவருடைய தொழில் ரகசியம் ஒன்றே ஒன்று. மனு தமிழில் இருந்தால் அதிகாரி படித்துவிடுவார், இங்கிலீஷில் இருந்தால் பயப்படுவார். வாடிக்கையாளர்களும் அதைத்தான் விரும்பினார்கள். எழுதி முடித்ததும் அவர் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். யாருக்கும் அர்த்தம் தேவையில்லை, ஓசை போதும். சமையலில் உப்பு உறைப்பு பார்ப்பது மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்பார்கள்.

"சீட்டிங்னு போட்டுக்கீறியே சார், அது எல்லாரும் போடுறதாச்சே," என்பார் ஆட்டோ ஓட்டும் ஒருவர். அவருக்குப் பழைய ஆட்டோவைப் பொய்யான ஆர்.சி. புத்தகத்தோடு ஒருவன் விற்றிருந்தான். "கொஞ்சம் காரமா ஒண்ணு போடேன்."

"ஸ்விண்ட்லர்?"

"இன்னொரு தபா சொல்லு."

"ஸ்விண்ட்லர்."

"நல்லாகீது. ஆனா அடி வுழுந்தா மாறி இல்ல."

"ஃபிராட்யுலன்ட் ரேக்கட்டியர்."

"ஆங்! அத்த போடு. அவன் மூஞ்சிக்கு அதான் கரெக்டு."

இப்படி ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு தராதரம் உண்டு. டூப்ளிகேட் என்பது சென்ட் பாட்டிலுக்கும் வண்டி உதிரிபாகத்துக்கும். அதை மனுவில் எழுதவே அவருக்குக் கூச்சம். ஊசி போடும் போலி டாக்டர் குவாக். சாமியார் என்றால் சார்லட்டன். லாட்டரி விழுந்திருக்கிறது என்று போன் வந்தால் அது ஹோக்ஸ். எல்லாவற்றுக்கும் மேலே, வாரத்துக்கு ஒருமுறைகூட வாய்க்காத ராஜ வார்த்தை ஒன்று இருந்தது. இம்பர்சனேஷன், ஆள் மாறாட்டம்.

அந்த வார்த்தையை மூன்று வருஷத்துக்கு முன்னால் பொன்னம்மாளுக்காக எழுதினார். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்துக்காரி. கணவன் விட்டுப்போன ஒன்றரை கிரவுண்டு மனையை யாரோ ஒருத்தி, நான்தான் பொன்னம்மாள் என்று சொல்லி, கைநாட்டு வைத்து விற்றுவிட்டாள்.

"நா உசுரோட கல்லு மாறி கீறேன். எவளோ ஒருத்தி நானுன்னு சொல்லிகினு போயி கை வச்சிட்டா நைனா. நா இல்லாமயே என்னிய வித்துட்டா," என்று மேஜை முன்னால் நின்று அழுதாள். அவர் இம்பர்சனேஷன் என்று இரண்டு முறை படித்துக் காட்டினார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீளமா கீது, நல்லா கீது," என்றாள்.

மனு கொடுத்தாயிற்று, ரசீது எண்ணும் வாங்கியாயிற்று. அதோடு அவருடைய வேலை முடிந்தது. பொன்னம்மாளுக்கு மட்டும் முடியவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் மாங்காட்டில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அங்கே கொடுத்த எலுமிச்சம்பழத்தோடு நேரே இவரிடம் வருவாள். பழத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, "கேசு இன்னாச்சு வக்கீல் சார்?" என்பாள். கேஸ் என்று ஒன்று எந்தக் கோர்ட்டிலும் இல்லை. மனு எந்த அலமாரியில் தூங்குகிறது என்று அவருக்கே தெரியாது. "நடந்துகினு கீது," என்பார். அவள் நிம்மதியாகப் பேருந்து ஏறிப் போவாள். எலுமிச்சம்பழத்தை அவர் வீட்டுக்கு எடுத்துப்போவார். மனைவி கஸ்தூரி ஊறுகாய் போடுவாள்.

இதெல்லாம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மகள் பவித்ராவின் கல்யாணம்தான் வந்து கெடுத்தது.

பவித்ரா அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். அதே கம்பெனியில் கோகுல்நாத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான். இரண்டு வருஷம் அம்பத்தூர் பஸ் நிறுத்தத்தில் நின்று நின்று பேசியே முடிவு செய்துகொண்டார்கள். அதைக் கல்யாணப் பத்திரிகையில் 'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு' என்றுதான் அச்சடித்தார்கள். ஆக, பத்திரிகையில் இருந்த முதல் புளுகு பரந்தாமனைப் பற்றியது அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

பையனின் அப்பா கோவிந்தராஜ் ஆவடி ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் தபால் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் தெற்கே திருமங்கலம் பக்கம். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸை விட்டு வந்து ஆவடியிலேயே வீடு கட்டிக்கொண்டார். எதையும் முறைப்படி செய்கிறவர். மகன் பெண்ணைக் காட்டியதும், அவர்களிடம் ஒன்றும் கேட்காமல், தானே பூந்தமல்லிக்குப் போய் மூன்று இடத்தில் விசாரித்தார். டீக்கடை, ஜெராக்ஸ் கடை, ஆட்டோ ஸ்டாண்டு. மூன்று இடத்திலும் ஒரே பதில். "வக்கீல் சாரா? தங்கமான மனுசன்!"

மகன், "அப்பா, அவர் மனு எழுதறவர்," என்று சொல்லியும் பார்த்தான். "வக்கீல்னா மனு எழுதத்தாண்டா செய்வாரு," என்று முடித்துவிட்டார் கோவிந்தராஜ். அவர் விசாரணையை அவர் நம்பினார்.

நிச்சயதார்த்தத்தன்று பரந்தாமன் சொல்லிப் பார்த்தார். தட்டு மாற்றுவதற்கு முன்னால், தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் ஒண்ணும் பெரிய வக்கீல்லாம் இல்லைங்க," என்றார். பாருங்கள், அந்த 'பெரிய' எங்கிருந்து வந்து விழுந்தது என்று அவருக்கே தெரியாது. கோவிந்தராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தன் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா, எவ்வளவு அடக்கம்!" என்றார். பெண் வீட்டுப் பக்கம் நின்றிருந்த பவித்ரா தரையைப் பார்த்தாள்.

பிறகு மாப்பிள்ளை வீட்டார் அச்சடித்த பத்திரிகை, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வந்தது. 'நசரத்பேட்டை திரு. பரந்தாமன் பி.ஏ., பி.எல்., வழக்கறிஞர் – திருமதி கஸ்தூரி தம்பதியரின் மூத்த புதல்வி' என்று தங்க எழுத்து. படித்த வக்கீல்கள் ஐந்து வருஷம் உட்கார்ந்து வாங்குவதைப் பரந்தாமனுக்கு ஓர் அச்சகம் இரண்டு நாளில் கொடுத்துவிட்டது. கஸ்தூரி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. கஸ்தூரியின் அண்ணன் மகன் தமிழ்வாணன் பேனர் அடிக்கிற தொழில் செய்கிறான். அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குத் தன் செலவில் ஒன்று வைத்தான், நசரத்பேட்டை முனையில், இருபதடி உயரத்தில். பரந்தாமனின் ரேஷன் கார்டுப் படத்தை எடுத்து, கழுத்துக்குக் கீழே கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பட்டையும் ஒட்டியிருந்தான். முகத்தைச் சிவப்பாக்கி, தலையில் முடியும் கொஞ்சம் சேர்த்திருந்தான்.

"இன்னா மாமா, சும்மா ஜட்ஜு கணக்கா கீறே பாரு!" என்று அவரைக் கூட்டிப்போய்க் காட்டினான்.

பரந்தாமன் அண்ணாந்து பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுவோம்: ஒரு நிமிஷம் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபது வருஷம் வக்கீலின் கறுப்புக் கோட்டைத் துணிக்கடை ஹேங்கர் மாதிரி கையில் தாங்கி நின்றவர். போட்டுப் பார்த்தது கிடையாது. அடுத்த நிமிஷமே அது போய்விட்டது. தன்னிடம் ஒருவன் இந்தப் பேனரைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து, மனு எழுதச் சொன்னால் எந்த வார்த்தையைப் போடுவோம் என்று யோசித்தார். யோசிக்க அவசியமே இல்லை. அந்த ராஜ வார்த்தைதான்.

அன்று சாயங்காலம் பவித்ரா வேலையிலிருந்து வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரே உட்கார்ந்தாள். கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

"அப்பா, பேனர பார்த்தேன். நீ இன்னும் அவர்கிட்ட சொல்லல."

"இன்னாத்துக்குச் சொல்லணும்?" என்றாள் கஸ்தூரி அடுப்படியிலிருந்து. "நாம போய் சொன்னோமா? அவங்களா விசாரிச்சிகினாங்க, அவங்களா போட்டுகினாங்க."

"அம்மா, நாளைக்கு ஒருத்தன் போய், உங்க சம்பந்தி வக்கீலே இல்லன்னு சொன்னா, அந்த வூட்ல தலை நிமிந்து நடக்க வேண்டியது நான்தான். நீங்க இல்ல." பிறகு அவரைப் பார்த்தாள். "மனு எழுதறதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்லப்பா. அதுலதான் என்னைப் படிக்க வச்சே. ஞாயித்துக்கிழமைக்குள்ள நீயே போய்ச் சொல்லு. சொல்லலன்னா நான் போய்ச் சொல்லிட்டு, அவங்க இன்னா சொன்னாலும் கேட்டுகினு வரேன்."

கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் சொன்னதில் அதுதான் இருந்தது. பரந்தாமனுக்கு அழுகை வந்தது. வாயைத் திறந்து நேருக்கு நேராகச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. நிச்சயதார்த்தத்தில் அதைத்தான் பார்த்தோமே. ஆனால் எழுதுவது அவருக்குக் கைவந்த வேலை.

சனிக்கிழமை வாடிக்கையாளர்களைத் திங்கள்கிழமை வரச் சொல்லிவிட்டு, லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தார். அனுப்புநர் பரந்தாமன், பெறுநர் உயர்திரு கோவிந்தராஜ் அவர்கள். பொருள்: சில முக்கிய விவரங்களைத் தெரிவித்தல், தொடர்பாக. எல்லாம் இங்கிலீஷில். தமிழில் எழுதலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. முடிவெட்டுகிறவர் கத்தரியை எடுக்கிற மாதிரி கை தானாக இங்கிலீஷுக்குப் போயிற்று.

மேற்படி பரந்தாமன் என்பவர் ஓர் இம்போஸ்டர், அதாவது வேஷதாரி, என்று ஆரம்பித்தார். அது பற்றவில்லை. பிரிடெண்டர் என்று சேர்த்தார். பல வருஷங்களாக அவர் நடத்திவருவது ஒரு மாஸ்கரேட், ஒரு ஷாம். பத்திரிகையில் உள்ள பட்டங்கள் போகஸ், பேனரில் உள்ள கோட்டு ஃபேப்ரிகேட்டட், மொத்தத்தில் இது இம்பர்சனேஷன் ஆகும். ஆகவே தங்கள் சமூகத்துக்குச் சமர்ப்பிக்கப்படுவது யாதெனில்... எழுத எழுத அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. யாரோ ஒரு படு அயோக்கியனைப் பற்றி எழுதுகிற மாதிரி இருந்தது. மத்தியானம் சாப்பிடப் போகாமல் சார்லட்டனைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அரை மணிநேரம் யோசித்தார். கடைசியில் சேர்த்தார். தக்க நடவடிக்கை எடுக்கும்படி தாழ்மையுடன் வேண்டி, இரண்டு பக்கத்தையும் உரக்கப் படித்துப் பார்த்தார். அவர் எழுதியதிலேயே அதுதான் சிறந்த மனு. ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "யார் மேலங்க வக்கீல் சார்? வூடு கட்டி அடிச்சிக்கீறீங்க!" என்றார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆவடியில் கோவிந்தராஜ் வீட்டு வாசலில் நின்றார். கையில் மனுவின் இரண்டு பிரதிகள். ஒன்று கொடுப்பதற்கு, ஒன்று கையெழுத்து வாங்கிக்கொள்வதற்கு. தொழில் தர்மம்.

"வாங்க சம்பந்தி, வாங்க! போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல," என்று கோவிந்தராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பரந்தாமன் உட்காரவில்லை. இரண்டு கையாலும் மனுவை நீட்டினார். "இத்த படிச்சிட்டு நீங்க எந்த முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதங்க," என்றார்.

கோவிந்தராஜ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முப்பத்துநான்கு வருஷத்தில் அவர் கையில் லட்சக்கணக்கான காகிதங்கள் வந்து போயிருக்கின்றன. அனுப்பியவர் பெயர், பெறுபவர் பெயர், பொருள், தேதி, கீழே கையெழுத்து இருக்கிறதா. இந்த ஐந்தையும் பார்ப்பதுதான் தபால் பிரிவின் வேலை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது மற்ற பிரிவுகளின் பாடு. ஐந்தும் சரியாக இருந்தன. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, நேரம் குறித்து, இரண்டாவது பிரதியில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

பிறகுதான் சாவகாசமாக முதல் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"என்னா இங்கிலீஷ் சம்பந்தி! இதுல பாதி வார்த்தைய நான் எங்க ஆபீஸ்லகூடப் பார்த்ததில்ல. வக்கீல் எழுத்துன்னா வக்கீல் எழுத்துத்தான்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "கோகுல்! உங்க மாமா கல்யாணத்துக்கு ஏதோ முறைப்படி லெட்டர் கொடுத்திருக்காருடா! இத ஃபைல்ல வை."

கோகுல்நாத் கடைக்குப் போயிருந்தான். பரந்தாமன் வாயைத் திறந்தார். காபி வந்தது. காபியைக் குடித்தார். வெளியே வந்தபோது பஸ் நின்றது, ஏறிவிட்டார். பருத்திப்பட்டு தாண்டும்வரை கையிலிருந்த பிரதியைப் பார்த்தபடியே வந்தார். கடமையைச் செய்தாயிற்று, அத்தாட்சியும் கையில் இருக்கிறது. அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

வீட்டில் பவித்ரா காத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்மா. கையெழுத்து போட்டு வாங்கிகினாரு," என்று பிரதியை நீட்டினார்.

அவள் நின்றுகொண்டே படித்தாள். இரண்டு இடத்தில் போனில் அர்த்தம் தேடினாள். படித்து முடித்து அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் கோபப்படவில்லை.

"இது யாருக்குப் புரியணும்னு எழுதினேப்பா?"

பதினெட்டு வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

"அவருக்குப் புரிஞ்சுதா?"

"ஃபைல்ல வைக்கச் சொன்னாரு."

பவித்ராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. காகிதத்தை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். "இன்னும் ஞாயித்துக்கிழமை முடியலப்பா," என்றாள்.

மாலை நான்கு மணிக்கு அதே வாசலில் மறுபடியும் நின்றார். இந்த முறை கையில் ஒன்றும் இல்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"நான் வக்கீல் இல்லைங்க," என்றார். 'பெரிய' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினார். "பத்தாவது படிச்சிக்கீறேன். ஒரு வக்கீல்கிட்ட குமாஸ்தாவா இருந்தேன். இப்ப மனு எளுதறேன். அவ்ளோதான். காலைல குடுத்த காயிதத்துல அதுதான் கீது."

கோவிந்தராஜ் எழுந்து போய் ஃபைலை எடுத்து வந்தார். மனுவை விரித்து, "எங்க இருக்கு?" என்றார்.

பரந்தாமன் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இம்போஸ்டர், பிரிடெண்டர், மாஸ்கரேட், ஷாம், போகஸ், ஃபேப்ரிகேட்டட், சார்லட்டன், இம்பர்சனேஷன்.

"இத்தனையும் அதே விஷயந்தானா?"

"ஆமாங்க."

"இப்பச் சொன்னீங்களே, அது ஒரே வரியாத்தான இருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அவர் குரலில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. "மூணு இடத்துல விசாரிச்சேன் சம்பந்தி. மூணு இடத்துல! குவார்ட்டர்ஸ்ல ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லிவச்சிருக்கேன், எனக்கு வக்கீல் சம்பந்தின்னு."

"அவங்க பொய் சொல்லலைங்க. அவங்களையும் அப்படியே நெனைக்க வுட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"அவதான் என்ன அனுப்பினா. காலையும் அவதான், இப்பவும் அவதான்."

கோவிந்தராஜ் தலையை ஆட்டிக்கொண்டார். "பரந்தாமன் சார், அந்தப் பிரதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். சம்பந்தி என்று சொல்லவில்லை என்பதைப் பரந்தாமன் கவனித்தார். பிரதியை எடுத்து நீட்டினார். கோவிந்தராஜ் காலையில் போட்ட கையெழுத்தைக் குறுக்கே அடித்தார். கீழே புதிதாகத் தேதி போட்டு, மாலை நான்கு இருபது என்று நேரம் எழுதி, மறுபடியும் கையெழுத்துப் போட்டார்.

"இப்பத்தான் வாங்கிக்கிட்டேன்," என்றார். "படிக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு. சர்வீஸ் பூரா அப்படித்தான் போட்டேன், அது வேற கதை. அந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வரட்டும். பத்திரிகை போனது போச்சு, கேட்கிறவங்களுக்கு நானே சொல்லிக்கிறேன். ஆனா அந்தப் பேனர்ல இருக்கற கோட்டை நீங்கதான் ஏறிக் கழட்டணும். வேற யாரையும் விட்டுச் செய்யக் கூடாது சம்பந்தி."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் பரந்தாமன் குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, தமிழ்வாணனிடம் வாங்கிய மூங்கில் ஏணியை நசரத்பேட்டை முனையில் சாய்த்து, கையில் வெள்ளைக் காகிதச் சுருளும் பசை வாளியுமாக ஏறினார். தமிழ்வாணன், "இன்னாத்துக்கு மாமா? வர்றவன் போறவன்லாம் சூப்பர்ங்கறான்!" என்று கீழே நின்று புலம்பிவிட்டு, வேறு கல்யாணத்துக்குப் பேனர் கட்டப் போய்விட்டான். 'வழக்கறிஞர்' என்ற எழுத்தின் மேல் முதல் தாளை ஒட்டினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. லாரிகள் போகும்போதெல்லாம் ஏணி ஆடியது. கோட்டின் இடது பக்கத்தை ஒட்டி மறைத்து முடித்தபோது ஏணி ஆடுவது திடீரென்று நின்றது. குனிந்து பார்த்தார். பொன்னம்மாள் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாங்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு வந்து, மேஜை காலியாக இருப்பதைப் பார்த்து, விசாரித்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டாள். முந்தானை முடிச்சில் எலுமிச்சம்பழம் தெரிந்தது.

"பாத்து வக்கீல் சார், வுழுந்துகிழுந்து வச்சிடாதே! கல்யாண வூடு!"

"நான் வக்கீல் இல்லம்மா."

அவள் சிரித்தாள். "அப்ப நா மட்டும் இன்னா, கலெக்டரா?"

"நெசமாத்தான்மா. நான் வக்கீல் இல்ல. மனு எளுதறவன்." இரண்டு நாளில் இரண்டாவது முறை. வாய் கொஞ்சம் பழகியிருந்தது. ஆனால் ஆவடியில் சொன்னதைவிட இங்கே சொல்வது கஷ்டமாக இருந்தது. "உன் கேசு எந்தக் கோர்ட்லயும் இல்ல. அன்னிக்குக் குடுத்த மனு ஒண்ணுதான். அதுக்கப்புறம் நான் ஒண்ணும் பண்ணல."

ஒரு லாரி போயிற்று. ஏணி ஆடவில்லை, அவள் கையை எடுக்கவில்லை.

"எவளோ ஒருத்தி நானுன்னு சொன்னா," என்றாள் மெதுவாக. "நீ வக்கீலுன்னு சொன்னே."

"நான் சொல்லலியேம்மா."

"இல்லேன்னும் சொல்லலியே நைனா." அண்ணாந்து அவர் முகத்தையே பார்த்தாள். "மூணு வருசமா நடந்துகினு கீது, நடந்துகினு கீதுன்னியே. இன்னா நைனா நடந்துகினு இருந்துச்சு?"

அகராதியில் சிவப்புப் பென்சில் கோடு போட்ட அத்தனை வார்த்தையும் அவருக்குத் தெரியும். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"ஒண்ணும் நடக்கலம்மா," என்றார்.

பொன்னம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாலையைப் பார்த்தாள். போய்விடுவாள் என்று நினைத்தார். அவளுக்குப் போக இடம் ஏது? பூந்தமல்லியில் வேறு மேஜை எதையும் அவளுக்குத் தெரியாது.

"எறங்கி வா," என்றாள் கடைசியில். "வந்து வேற எளுது. இந்த தபா தமிழ்ல எளுது. படிச்சுக் காட்டினா எனக்குப் புரியணும். எங்க குடுத்தே, எவன் வாங்கினான், இன்னா சொன்னான்னு செவ்வாக்கெளம செவ்வாக்கெளம எனக்குச் சொல்லணும். நடந்துகினு கீதுன்னு மட்டும் சொல்லாதே."

"வலது பக்கம் இன்னும் ஒட்டலம்மா. கோட்டு பாதி அப்படியே கீது."

"அது கெடக்குது வுடு. யார் பாக்கப் போறா? என் மனை மூணு வருசமா கெடக்குது."

பசை வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, படிப்படியாக இறங்கினார். கடைசிப் படியிலிருந்து அவர் கால் தரையில் பட்ட பிறகுதான் அவள் ஏணியை விட்டாள். எலுமிச்சம்பழத்தை முடிச்சிலிருந்து எடுக்கவில்லை. இருவரும் பூந்தமல்லி பஸ்ஸுக்காக நின்றார்கள். மனுவோடு அலைந்தவருக்கு மறுபடி ஏணி ஏற நேரம் வாய்க்கவில்லை; கல்யாணம் முடிகிறவரை நசரத்பேட்டை முனையில் பரந்தாமன் பாதிக் கோட்டோடுதான் சிரித்துக்கொண்டிருந்தார்.